என் சைக்கிளும் அவர் டெம்போவும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் பெரிதாக விசாரித்தது சைக்கிளைப் பற்றித்தான். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு வாசலில் அதைச் சாத்தி வைத்திருந்தோம். பச்சை நிற லேடீஸ் சைக்கிள். நான் தையல் வேலைக்குப் போகத் தொடங்கியபோது, மில்லில் வேலை பார்த்த என் அப்பா பழசாக வாங்கிக் கொடுத்தது.

"பொண்ணு இதுலதான் வேலைக்குப் போவுதா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். ஆமாம் என்றார் அப்பா. பிறகு மாப்பிள்ளையே பேசினார். "போவட்டும். ஆனா ரோட்டுல ஓரமா போவச் சொல்லுங்க."

உள் அறையில் டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை டெம்போ ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். ஓரமாகப் போனால் அங்கேதானே நீங்கள் கொண்டுவந்து வண்டியை நிறுத்துகிறீர்கள் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. காபி கொடுக்கும்போது மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வாசலில் இருந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்திருக்கிறது என்று மறுநாளே சொல்லி அனுப்பினார்கள்.

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் டெம்போ இல்லாமல் ஒன்றும் நடக்காது. முன்னால் ஒற்றைச் சக்கரம், நீண்ட மூக்கு, பின்னால் எதிரெதிரே இரண்டு பலகை இருக்கைகள். கைகாட்டிய இடத்தில் நிற்கும், தகரத்தைத் தட்டிய இடத்தில் நிற்கும். அவர் ஓட்டியது வேறொருவருடைய வண்டி. நெல்லித்தோப்பிலிருந்து பெரிய மார்க்கெட் வரை போகும், திரும்பும். சில நாள் முதலியார்பேட்டைப் பக்கமும் போகும். நான் வேலை பார்த்தது ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, ஒரு கன்னியர் மடத்தின் தையல்கூடத்தில். மேசைவிரிப்பிலும் கைக்குட்டையிலும் பூ வேலை செய்வோம். ஆக, காலையில் அவரும் நானும் ஒரே நேரத்தில், ஒரே சாலையில், ஒரே திசையில் போவோம். அவர் டெம்போவில், நான் சைக்கிளில்.

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு இதுதான். அவர் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். "இன்னிக்கு ஒருத்தன், கையும் காட்டல, திரும்பியும் பாக்கல. சட்டுனு குறுக்க வந்துட்டான். உங்க ஆளுங்களுக்குக் கழுத்தே திரும்பாதா?"

சைக்கிளில் போகிற ஊர் ஜனம் முழுவதும் எங்கள் ஆட்கள். டெம்போ, லாரி, பஸ், ஸ்கூட்டர் எல்லாம் அவருடைய ஆட்கள். நானும் விடமாட்டேன். "உங்க ஆளு ஒருத்தர் என் மூஞ்சி மேல பொகைய உட்டுட்டுப் போனாரு. வெள்ளைத் துணி எடுத்துக்குனு போறேன், கரி படிஞ்சா மசேர் என்னைத்தான் கேப்பாங்க." கன்னியர்களை நாங்கள் எல்லோரும் மசேர் என்றுதான் கூப்பிடுவோம்.

சண்டை என்று சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அவர் ரசத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த குற்றத்தைச் சொல்லுவார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காது. சாலையில் என்னைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டால் ஹாரனை இரண்டு தடவை குட்டியாக அழுத்துவார். ரப்பர் உருண்டை வைத்த பழைய ஹாரன். தன் மனைவியைப் பார்த்த சந்தோஷத்தில்தான் அவர் அடிப்பார். காதுக்குப் பின்னால் அது கேட்கும்போது எனக்கு ஹேண்டில் ஆடும். அவர் முகம் மலர்ந்து போவதைப் பார்த்துவிட்டு, இதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிடுவேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் மழை விட்டதும் கிளம்பினேன். சாலை ஓரமெல்லாம் தண்ணீர். எங்கே பள்ளம் என்று தெரியாததால், முன்னால் போன டெம்போவின் சக்கரத் தடத்திலேயே போய்க்கொண்டிருந்தேன். அவருடைய வண்டிதான். கிட்டத்தில் போகிறோம் என்று தெரிந்தது. ஆனால் சாலையில் அந்தத் தடம் ஒன்றுதான் காய்ந்த மாதிரி இருந்தது.

நெல்லித்தோப்பு மார்க்கெட்டைத் தாண்டியதும் ஒரு கடை வாசலில் யாரோ குடையைத் தூக்கிக் காட்டினார்கள். டெம்போ அப்படியே நின்றது. பின் விளக்கு எரியவில்லை. கையும் வெளியே வரவில்லை. நான் பிரேக்கைப் பிடித்தேன். ஈரத்தில் பிரேக் கட்டை வழுக்கியது. முன் சக்கரம் டெம்போவின் பின் படியில் போய் இடித்து, நான் பக்கவாட்டில் விழுந்தேன். டிபன் பாக்ஸ் திறந்து சோறு தண்ணீரில் போனது.

என்ன நடந்தது என்று புரிவதற்குள் அவர் இறங்கிக் கத்திக்கொண்டே வந்தார். "யோவ், முன்னாடி வண்டி போறது கண்ணு தெரியலியா? வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" அதற்குள் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் வந்துவிட்டார். என்னைப் பார்த்தார்.

அந்த முகத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். கத்த வந்த வாய் திறந்தபடியே இருந்தது.

பயணிகள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். அவர்களில் ஒரு மீன்காரம்மா இருந்தார். நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் காலை வியாபாரத்தை முடித்துவிட்டுக் காலிக் கூடையோடு வைத்திக்குப்பம் திரும்புகிறவர். பெரிய உருவம், கணீரென்ற குரல். என் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார். முழங்கால் சிராய்ந்து புடவையில் ரத்தம் ஒட்டியிருந்தது. முழங்கையிலும் எரிந்தது. வேறொன்றும் இல்லை.

"ஏம்பா, இப்பிடித்தான் நட்டநடு ரோட்டுல நிறுத்துவியா?" என்று மீன்காரம்மா அவரிடம் திரும்பினார். "உம் பொண்டாட்டி இப்பிடி உழுந்தா சும்மா இருப்பியா நீ?"

நான்தான் அந்தப் பொண்டாட்டி என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தெருவில், அத்தனை பேர் நடுவில், அவர் இன்னார் என்று சொன்னால் அவருக்கு இன்னும் அவமானம் என்று நினைத்தேனோ என்னவோ. அல்லது, மற்றவர்கள் அவரை நாலு கேள்வி கேட்கட்டும் என்று இருந்ததோ.

"பரவால்லம்மா, உடுங்க" என்றேன். "பாத்து ஓட்டச் சொல்லுங்க."

"சரிம்மா" என்றார் அவர், யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல.

சைக்கிளைத் தூக்கி, முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டிலை நேராக்கினார். சக்கரம் கோணிப் போயிருந்தது. பக்கத்திலேயே சைக்கிள் கடை. கோட்டம் எடுக்கச் சொல்லி அங்கே விட்டுவிட்டு வந்து, "ஏறிக்கம்மா, எறக்கி உட்டுடறேன்" என்றார். மீன்காரம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாதி வழியில் இந்தப் பெண்ணை இறக்கிவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தார். "நாங்களும் வரோம். இந்தப் பொண்ணு வேல செய்யிற எடம் வரைக்கும் போ, அப்புறம் எங்கள எறக்கு" என்றார். மற்றவர்களும் சரி என்றார்கள். அலுவலகத்துக்குப் போகிற ஒருவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஏறி உட்கார்ந்தார்.

என்னை முன்னால் அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கல்யாணம் ஆனபிறகு அந்த வண்டியில் நான் ஏறுவது அதுதான் முதல் தடவை.

இன்ஜின் சத்தத்தில் அவர் பக்கத்தில் பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. "வலிக்குதா?" என்று கேட்டார் என்று உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது. "ரோட்டப் பாருங்க" என்றேன். நானும் சாலையைப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் மில் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் போனார். வண்டி நெருங்க நெருங்க அவர் அந்த நீளமான மூக்குக்கு அடியில் போய் மறைந்தார். முழு ஆளும் காணாமல் போய், கொஞ்ச நேரம் கழித்து இடது ஜன்னலில் தலை மட்டும் தெரிந்தது. கண்ணாடி ஒன்று வெளியே இருந்தது. அதில் வானமும் மரமும் நடுங்கின. அதற்கு நடுவே பின்னாலிருந்து தகரத்தைத் தட்டினார்கள், ஓரத்தில் யாரோ கை காட்டினார்கள், எதிரே மாட்டுவண்டி வந்தது. அத்தனையையும் அவர் இரண்டு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெல் அடிச்சா கேக்குமா உங்களுக்கு?" என்று அவர் காதருகே கத்திக் கேட்டேன்.

"ஒரு நாளும் கேட்டதில்ல" என்றார்.

இத்தனை காலம் நான் பெல் அடித்தால் நகர்வார்கள் என்று நம்பி டெம்போக்களுக்குப் பின்னால் மணியடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

வாய்க்காலைத் தாண்டி மடத்து வாசலில் வண்டி நின்றது. அந்த அமைதியான தெருவில் டெம்போ வருவதே அபூர்வம். தையல்கூடத்துப் பெண்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மசேர் வெளியே வந்தார். ஒல்லியான, வயதான தமிழ்ப் பெண்மணி. பதறினால் பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிடுவார். என் முழங்காலைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டுவிட்டு, "யார் செஞ்சது?" என்று கேட்டார்.

டெம்போவில் வந்தவர்கள் எல்லோரும் டிரைவரைக் காட்டினார்கள். மீன்காரம்மா நடந்ததை முதலிலிருந்து சொன்னார். மசேர் அவர் முன்னால் போய் நின்று, வண்டி நம்பரை எழுதிக்கொள்ளச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். போலீசுக்குச் சொல்லவேண்டும் என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"வேணாம் மசேர்" என்றேன். "அவரு எங்க வூட்டுக்காரரு."

ஜன்னலில் ஒரு பெண் சிரித்தாள். அதைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். அலுவலகத்துக்காரர்கூடச் சிரித்தார். மசேர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். மீன்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவரிடம் கேட்டார்: "எறங்குனதும் அந்தக் கத்து கத்துனியே. பொண்டாட்டினு தெரிஞ்சதும் வாய மூடிக்கின. வேற வூட்டுப் பொண்ணா இருந்தா இன்னும் கத்தியிருப்ப, இல்ல?"

அவர் வண்டியைத் திருப்பி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட அவரே வந்தார், டெம்போவில் அல்ல, கோட்டம் எடுத்த என் சைக்கிளில். லேடீஸ் சைக்கிளில் அவர் உட்கார்ந்து வந்ததைப் பார்த்து மறுபடியும் ஜன்னலில் கூட்டம். என்னைக் கேரியரில் உட்கார வைத்து மெதுவாக ஓட்டினார். ஆம்பூர் சாலையில் வரும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அந்தம்மா கேட்டது சரிதான். கத்தியிருப்பேன்."

நான் அவர் முதுகில் கை வைத்திருந்தேன். கொஞ்ச தூரம் போனபிறகு ஹாரன் விஷயத்தைச் சொன்னேன். பின்னாலிருந்து அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது என்றேன். சைக்கிளை நிறுத்தியே விட்டார். "நான் ஆசையா அடிச்சேன்" என்றார். "தெரியும்" என்றேன்.

அந்த வாரமே பின் விளக்கைச் சரிசெய்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் அதெல்லாம் எதற்கு என்றாராம். இவர் தானே கடையில் நின்று ஒயர் மாற்றினார். நிற்பதற்கு முன்னால் கையை வெளியே நீட்டி மேலும் கீழும் ஆட்டப் பழகினார். முதலில் வேகத்தைக் குறைத்து, சைக்கிள்கள் போனபிறகு ஓரம் கட்டுவார். கைகாட்டியவர்கள் பத்தடி ஓடிவந்து ஏறவேண்டியிருந்தது. திட்டினார்கள். "ஓடி வந்தா ஒடம்புக்கு நல்லது" என்பாராம். நானும் டெம்போக்களின் வாலைப் பிடித்துக்கொண்டு போவதை விட்டேன். பள்ளத்தைச் சுற்றுவதற்கு முன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், கை காட்டினேன். எங்கள் ஆட்களுக்குக் கழுத்து திரும்பும் என்று அவரிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது.

அவர் மாறிவிட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது வேறொரு நாள். தையல்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த முதலியார்பேட்டைப் பெண் சொன்னாள். மில்லில் ஷிப்ட் முடிகிற நேரம், சங்கு ஊதி, சைக்கிள்கள் சாலை முழுக்கத் திரண்டு வந்திருக்கின்றன. இவள் அவருடைய டெம்போவில் இருந்திருக்கிறாள். மற்ற வண்டிகள் எல்லாம் ஹாரனை விடாமல் அடித்து, அந்தக் கூட்டத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தனவாம். இவர் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டார்.

"ஏம்பா நிறுத்திட்ட?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"எட்டு மணி நேரம் நின்னுக்குனே வேல செஞ்சிட்டு வராங்க. வூட்டுக்குப் போவட்டும். நாம அப்புறம் போவலாம்."

கேட்டவர் இறங்கிப் பின்னால் வந்த வேறு டெம்போவில் ஏறிக்கொண்டாராம். அந்த டெம்போவும் நகரவில்லை என்பது வேறு. என் அப்பாவும் அந்தக் கூட்டத்தில்தான் வந்திருப்பார். மாப்பிள்ளையின் வண்டியைத் தாண்டிப் போனது அவருக்குத் தெரியாது. நான் இதைக் கேள்விப்பட்ட அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு அப்பளம் கூடுதலாக வைத்தேன். எதற்கு என்று பார்த்தார், சாப்பிட்டார்.

அதற்கடுத்த வருஷம் நான் பிள்ளையுண்டானேன். சைக்கிளை விடச் சொல்லி என் மாமியார் சொன்னார். ஐந்தாம் மாதம் வரை ஓட்டலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக நான் சொன்னேன். அங்கே அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் என் பக்கமும் பேசவில்லை, அம்மா பக்கமும் பேசவில்லை. மறுநாள் காலை நான் கிளம்பியதும் பின்னாலேயே டெம்போ வந்தது. முந்தவில்லை. என் வேகத்துக்கே உறுமிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்தவர்கள் தகரத்தைத் தட்டுவதும், "என்னாப்பா, வண்டில கோளாறா?" என்று கேட்பதும் எனக்கே கேட்டது. நேரு வீதி வரை அப்படியே வந்தார். மறுநாளும் வந்தார்.

அவருக்கு அது காவல். எனக்கு நிலைமை வேறாக இருந்தது. ஊர்ந்து வரும் டெம்போவைப் பார்த்துப் பின்னால் வருகிற ஸ்கூட்டர், லாரி எல்லாம் பொறுமை இழந்து அவரைச் சுற்றி முந்தும். முந்தியதும் இடதுபக்கம் சடாரென்று ஒடிக்கும். அங்கே நான் இருப்பேன். ஒரு ஸ்கூட்டரின் கைப்பிடி என் முந்தானையைத் தொட்டுக்கொண்டு போனது.

அன்று மாலை அவரிடம் எப்படிச் சொல்வது என்று வெகுநேரம் தயங்கினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பதை நிறுத்தாமல் சொன்னேன். "நீங்க பின்னாடி வர வேணாம். உங்கள முந்துறவங்க எல்லாம் எம் மேல வராங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "நான் பாத்துக்குனுதானே வரேன்."

"நீங்க என்னைப் பாக்கறீங்க. உங்களுக்குப் பின்னாடி வரவங்க உங்களத்தான் பாக்கறாங்க. என்னைப் பாக்கல."

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனதுக்குள் அந்தச் சாலையில் வண்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "ஆமா" என்றார் கடைசியில். "அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"மத்தவங்கள எப்பிடித் தாண்டிப் போறீங்களோ அப்பிடிப் போங்க. எடம் உட்டுப் போங்க, போதும்."

மறுநாளிலிருந்து அப்படித்தான் போனார். நன்றாக வலப்பக்கம் விலகி, ஒரே வேகத்தில், ஹாரன் இல்லாமல். தாண்டிக் கொஞ்ச தூரம் போனபிறகு ஜன்னலுக்கு வெளியே கையை ஒருமுறை உயர்த்துவார். நான் பதிலுக்குக் கையை எடுக்கமாட்டேன். இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கவேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். தலையை மட்டும் ஆட்டுவேன். அது அவருக்குத் தெரிந்திருக்காது. சாயங்காலம் வந்து, "தலைய ஆட்டுனியா?" என்று கேட்பார். ஆட்டினேன் என்பேன். ஐந்தாம் மாதம் முடிந்ததும் நானாகவே சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் வண்டியில் முன்னால் உட்கார்ந்து போனேன்.

மகள் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயது ஆனபோது அவரும் பெரிய சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை டெம்போவைச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோணாங்குப்பத்தில் இருந்த என் சித்தி வீட்டுக்குச் சைக்கிளிலேயே போகலாம் என்று கிளம்பினோம். அவர் முன்னால், அவர் சைக்கிள் பாரில் பொருத்திய சின்ன இருக்கையில் மகள். நான் பச்சைச் சைக்கிளில் பின்னால்.

அரியாங்குப்பம் தாண்டியதும் சாலை குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் தென்னை. பின்னால் கடலூர் பஸ் வரும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். கையை நீட்டி எனக்கு ஜாடை காட்டிவிட்டு, சாலையை விட்டு மண்ணில் இறக்கி, காலை ஊன்றி நின்றுவிட்டார். நானும் இறங்கி நின்றேன். பஸ் எங்களைத் தாண்டும்போது டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். புழுதி அடங்கும் வரை நின்றோம்.

"நிக்க வேண்டியதே இல்லியே" என்றேன். "தாராளமா எடம் இருந்துச்சே."

"எடம் இருக்குதுன்னு நமக்குத் தெரியும். அந்தாளுக்கு அங்கேருந்து தெரியாது. கொழந்தைய முன்னாடி வச்சிக்குனு போற சைக்கிளப் பாத்தா, ஓட்டுறவனுக்கு வயித்தக் கலக்கும். பாவம், நிம்மதியாப் போவட்டும்."

சொல்லிவிட்டு, மகளின் கண்ணில் விழுந்த தூசியை ஊதி எடுத்தார். பிறகு சைக்கிளைச் சாலையில் ஏற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்தார். அவசரம் ஒன்றும் இல்லாததால், நோணாங்குப்பம் பாலம் வரும்வரை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு தென்னை நிழலில் பேசிக்கொண்டே நடந்தோம்.